அம்புக்குறி அப்பாவை விசாரித்தது

சுருவில்,
மாசி 2006

அன்புள்ள பிரேமினி அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். அதற்கு முன், மாதாவின் துணையால் நாங்கள் சுகம். கொழும்பில் நீங்களும் பெரியப்பாவும் பெரியம்மாவும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். சுகம் என்று நான் எழுதியது உடம்பை மட்டும்தான். போனில் சொல்ல அப்பா விடவில்லை, அதை வேறு ஆரும் கேட்பார்களாம். அதனால் இதைக் கொழும்புக்கு வருகிற டெனிஸ்ரன் அண்ணையிடம் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அன்றைக்கு நீங்கள் சொன்னபடி போன் வயரைக் கொம்பியூட்டரில் கொழுவி, கடவுச்சொல்லும் போட்டேன். நீங்கள் அங்கேயிருந்து எங்கள் திரையைப் பார்ப்பீர்கள், அம்புக்குறியை அசைப்பீர்கள், நான் ஒரு வரி எழுத நீங்கள் அடுத்த வரி எழுதுவீர்கள், ஒரே கதிரையில் இரண்டு பேர் இருந்ததுபோல எங்கள் நூலகப் புரோகிராமை முடித்து மாகாணப் போட்டிக்கு அனுப்புவோம் என்பதெல்லாம் எனக்கு விளங்கியது. அப்பாவுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. லைன் ஆமைபோல வந்ததால், அம்மா தேங்காய் துருவக் கூப்பிட நான் குசினிக்குப் போனேன். அறையில் அப்பா மட்டும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார்.

இனி வருவது அப்பா பிறகு சொன்னது. ஒருவரும் தொடாமலே அம்புக்குறி நகர்ந்ததாம். பிறகு எழுத்து வந்ததாம்: “ஆர் நிக்கிறது?” அப்பா எழும்பி, வெறும் மேலுக்குச் சேட்டைப் போட்டு, அடையாள அட்டையை எடுத்துத் திரைக்குக் கிட்டப் பிடித்தார். “ஏன் பேசாமல் நிக்கிறீர்?” என்று வந்தது. அப்பா தன் பெயர் குருசுமுத்து என்று சொல்லி, தகப்பன் பெயரையும் வள்ளத்தின் இலக்கத்தையும் சொன்னார். “எங்கை போனனீர்?” என்று வந்தது. கடலுக்குத்தான் போனனான், நேவி தந்த பாஸ் இருக்கு, நேவி போட்ட எல்லை தாண்டேல்லை என்றார். அம்புக்குறி நம்பாததுபோல அங்கும் இங்கும் ஓடியதாம். பாவம் அப்பா, போன கிழமை நண்டுக்காக எல்லைக்கு அங்காலை கொஞ்சம் போனதையும் சொல்லிவிட்டார். எழுதியது நீங்கள், கேட்டது என்னை. பதில் சொன்னது அப்பா.

தேங்காய்ப் பூக் கையோடு நான் வந்து பார்த்தால், அப்பாவும், அவர் கூப்பிட்டுப் போன அம்மாவும் கொம்பியூட்டருக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். சோதனைக்கு வருகிறவர்களுக்குக் காட்டக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தூக்கியிருக்கிற குடும்பப் படத்தை அம்மா நெஞ்சோடு பிடித்திருக்கிறா. என்னையும் வரிசைக்கு வரச் சொன்னார் அப்பா. இது பிரேமினி அக்கா என்றேன்.

“பிரேமினிக்குக் கொழும்பிலை இருந்து சுருவிலுக்கு நீளுற கையோ?”

எழுதுவதை வாசிக்கச் சொன்னேன், எங்கடை தமிழ்தானே என்றேன்.

“அதுதான் பிள்ளை பயம். றோட்டிலை மறிக்கிறவங்களுக்கு இவ்வளவு தமிழ் தெரியாது. இது பெரிய ஆள்.”

உங்கள் பெயரை எழுதச் சொல்லித் தட்டப் போனேன், அந்த நேரம் பார்த்து லைன் அறுந்தது. பதிஞ்சுகொண்டு போட்டினம், இனி நேரிலை வருவினம் என்று அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. எங்கள் ஆட்கள் பயந்தால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே. கொம்பியூட்டர்ப் பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி வேலியடியில் கிடங்கு கிண்டித் தாட்டுவிட்டார். எங்கள் புரோகிராம் முழுக்க அதற்குள். கிண்டின இடம் தெரியாமலிருக்க அம்மா மேலே மிளகாய்க் கண்டு வைத்தா. வைத்ததோடு நிற்கவில்லை, தண்ணியும் ஊற்றினா. ஊற்ற வேண்டாம் என்று அழுதேன். வாடின கண்டு நிண்டால்தான் சந்தேகம் வரும் என்றா. போட்டிக்கு அனுப்பும் நாள் கிட்டக் கிட்ட, மிளகாய்க் கண்டு மட்டும் செழித்துக்கொண்டு வந்தது.

கடைசியில் அப்பாவுக்குக் கிட்டப் போய் இருந்து சொன்னேன்: அதற்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. தட்டினால் மட்டும்தான் அங்கே தெரியும். அப்பா ஒன்றும் தட்டவில்லை.

“நண்டுக்குப் போனதும் கேக்கேல்லையோ?”

“கேக்கேல்லை அப்பா.”

அப்பா எழும்பி மண்வெட்டியை எடுத்தார். அம்மா கண்டை வேரோடு காப்பாற்றினா. பொலித்தீனுக்குள் ஈரம் கொஞ்சம்தான். கருவாட்டுப் பாயில் பெட்டியைக் காயவைத்தோம், அம்மா காகம் கலைத்தா. நேற்று வேலை செய்தது. எங்கள் வரிகள் ஒன்றும் அழியவில்லை, அக்கா. அப்பாவும் ஓமென்றுவிட்டார். ஆனால் நீங்கள் திரைக்கு வந்தவுடனே முதல் விசாரணை அவருடையதுதான். பெயர், தகப்பன் பெயர், ஊர், வந்த காரணம் எல்லாம் எழுதவேண்டும். சரியென்றால்தான் மௌஸைத் தொடலாமாம். வருகிற சனிக்கிழமை வாருங்கோ. ஒன்றுக்கும் பயமில்லை, ஒரே இருப்பில் முடித்துவிடலாம்.

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் எங்கள் எல்லோருடைய அன்பு. உங்களுக்கு ஆண்டவர் துணை.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
நிலக்சனா

பி.கு: மேலே எழுதியதை நம்பிச் சனிக்கிழமை வந்துவிடாதைங்கோ. சந்திப் பக்கம் நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைக்கின்றன. ஆர் வீட்டில் கொம்பியூட்டர் இருக்கு என்று கேட்டுக்கொண்டு வருகிறார்களாம், பக்கத்து வீட்டுப் பத்திநாதர் மாமா வேலியால் சொல்லிவிட்டு ஓடுகிறார். போட்டி அடுத்த வருசமும் வரும்தானே. இனி எழுதவேண்டாம், எழுதினது காணும் என்கிறார் அப்பா. மாமா வீட்டு லைற் நிண்டுவிட்டது. எங்கடையும் நிப்பாட்டியாச்சு.