எட்டாவது முட்டை

பாம்புக்கு வரன் பார்த்து, பிறக்கப்போகும் குட்டிகளின் நிறத்தையும் முன்கூட்டியே சொல்கிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரோடு நான் படப்பையில் ஒரே அறையில் குடியிருந்தேன். பெயர் வேண்டாம். 'நாலுல ஒண்ணு' என்றால் ஒரகடம் கம்பெனி பஸ் டிரைவருக்கே தெரியும்.

அவருக்குத் தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கிங் வேலை. அறையில் நாங்கள் நான்கு பேர். கூடவே அவருடைய இரண்டு சோளப் பாம்புகள். விஷமில்லாத வெளிநாட்டுச் சாதி. அரசாங்கத்தில் பதிவு செய்த காகிதத்தை லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தார். அவருடைய சொந்த ஜாதகம் மாவு டப்பாவுக்கு அடியில் கிடந்தது.

இரண்டுமே செம்பழுப்புப் பாம்புகள். "வெளிய பாத்து ஏமாறாத. இதோட அப்பனும் வெள்ள, அதோட அப்பனும் வெள்ள. அந்த வெள்ள உள்ள ஒளிஞ்சிகினு கீது. ஆத்தாகிட்ட ஒரு பங்கு, அப்பன்கிட்ட ஒரு பங்கு, ரெண்டும் சேந்தாதான் வெளிய வரும். நாலுல ஒண்ணு!" என்பார்.

முட்டை எட்டு. பொரியும் வாரத்தில்தானா வீட்டுக்கார அக்கா தண்ணீர்த் தொட்டி பார்க்க மாடிக்கு வரவேண்டும்?

"இன்னாது, பாம்பு முட்டையா? வூட்ட காலி பண்ணுங்க!"

"யக்கா, எட்டுல ஒண்ணாவது செவப்புக் கண்ணோட வெள்ளப் பாம்பா வரும். வெள்ளிக்கெழமைக்குள்ள வரலன்னா நானே காலி பண்றேன்."

வெள்ளைப் பாம்பு என்றதும் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். வல்லக்கோட்டை முருகனே வருகிறான் என்று நினைத்திருப்பார். தவணை கிடைத்தது.

"வரலேன்னா என்னண்ணே செய்ய?" என்றேன்.

"எட்டும் ஏமாத்தறதுக்குப் பத்துல ஒரு சான்ஸ்தான். நீ தூங்கு."

மூன்று நாளில் ஏழு பொரிந்தன. ஏழும் செம்பழுப்பு.

நான் கோவில்பட்டிக்காரன், கணக்கில் புலி. "அண்ணே, ஏழும் போயிட்டுல்லா, அப்ப எட்டாவது கண்டிப்பா வெள்ளதான்!"

ரிஜெக்ட் ஆன பீஸைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "மத்த ஏழும் இன்னான்னு இந்த முட்டைக்குத் தெரியுமாடா? அதுக்கு இப்பவும் நாலுல ஒண்ணுதான்."

வெள்ளிக்கிழமை வந்தது. எட்டாவது முட்டை அசையவில்லை. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "கத்திரிய வெச்சி கிழிச்சிப் பாத்துடேன்."

"வேணாங்கா. உள்ள மஞ்சக்கரு மிச்சம் இருந்தா குட்டி செத்துடும். அதுவா வரட்டும், நான் கெளம்பறேன்" என்று சட்டைகளை மடிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு கீறல் கீறியிருந்தால் அறை தப்பியிருக்கலாம். அந்த மனுஷன் கத்திரிக்கோல் பக்கமே திரும்பவில்லை.

"நீங்க மூணு பேரும் இருங்கப்பா" என்றார் அக்கா. நாங்கள் எங்கள் பைகளையும் கட்டினோம்.

ஷேர் ஆட்டோ படப்பையைத் தாண்டும்போது பெட்டிக்குள் அந்த எட்டாவது முட்டை கிழிந்து ஒரு மூக்கு வெளியே நீண்டது. அதுவும் செம்பழுப்புதான்.

"உசுரோட கீதுடா! இன்னா அழகு பாரு!" என்று ஆட்டோவே அதிரக் கத்தினார்.

பாம்பு என்றால் எனக்கு இன்றைக்கும் ஈரக்குலை நடுங்கும். ஆனாலும் அந்தப் பெட்டியை வழி நெடுக மடியில் வைத்திருந்தவன் நான்தான்.