மரமூஞ்சி மணப்பெண்

மனிதர்களில் ஒரு இனம் உண்டு. முகத்தை மூடிக்கொண்டால் முழு ஆளும் மாயமாகிவிட்டதாக நம்புகிற இனம். எல்லா நாட்டிலும் விளையும் சரக்குதான். ஆனால் எங்கள் வாஸ்தேகா மலையடிவாரத்தில், செத்தவர் திருநாள் வருகிற நவம்பர் மாதத்தில், இது நன்றாகக் கொழுத்து, பாவாடை கட்டி, வளையல் மாட்டி, வயலின் சத்தத்துக்குத் தெருவில் இறங்கி ஆடும். நம்பவில்லையா? வாருங்கள், கசாப்புக்கடை நபோரைக் காட்டுகிறேன்.

வயது ஐம்பத்து மூன்று. எடை நூற்றுப் பத்துக் கிலோ. நடந்தால் இடது பாதம் தனியாக வேறு ஊருக்குப் போகப் பார்க்கும். மூக்குக்குக் கீழே ஒரு மீசை; அதற்குத் தினமும் பன்றி நெய் தடவுவார். இப்படிப்பட்டவர் திருநாள் ஆட்டக் கூட்டத்தில் என்ன வேஷம் கட்டுவார் என்று நினைக்கிறீர்கள்? பிசாசா? கிழவனா? கிடையாது. இருபத்திரண்டு வருடமாக மணப்பெண்.

அந்த மணப்பெண்ணின் முகத்தைக் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கொடுத்தவர் ஆட்டக் கூட்டத்தின் தலைவர் பிளாசிதோ. ரோஜா நிறக் கன்னம், நெல்லிக்காய் அளவு சிவப்பு வாய், அதிசயப்பட்டதுபோல் தூக்கிய புருவம். மீசை நசுங்கக் கூடாதென்று உள்பக்கம் மட்டும் இரண்டு விரற்கடை ஆழம் கூடுதலாகக் குடைந்திருந்தார். உலகத்திலேயே மீசைக்கு இடம் விட்டுச் செய்த மணப்பெண் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

திருநாளில் செத்தவர்கள் வீடு திரும்புவார்கள். அவர்கள் வாலைப் பிடித்துக்கொண்டு சாவும் ஊருக்குள் வந்துவிடும், சும்மா திரும்புமா? போகும்போது யாரையாவது கூட்டிக்கொண்டு போகப் பார்க்கும். அதனால்தான் ஆடுகிறவர்கள் சாவுக்கு அடையாளம் தெரியாதபடி மரமுகம் மாட்டி, கீச்சுக்குரலில் பேசுவது. பார்க்கிறவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: உள்ளே இருப்பது யாரென்று தெரிந்தாலும் பெயரைச் சொல்லவே கூடாது. சொன்னால் சாவின் காதில் விழுந்துவிடும்.

ஆக, வேஷத்தில் இருக்கும் நபோரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இது ஊர்க் கட்டுப்பாடு. ஆனால் அவர் இதைத் தன் நடிப்புக்குக் கிடைத்த வெற்றி என்று எடுத்துக்கொண்டார்! மணப்பெண் தெருவில் இறங்கினால், கறிக்கடை வாசலில் படுத்திருக்கும் பதினோரு நாய்களும் எழுந்து பின்னாலேயே வரும். "இந்தப் பொண்ணு மேல நாய்ங்களுக்கு என்ன ஒரு பாசம் பாருடி!" என்று பெண்கள் சால்வையை வாயில் அடைத்துக்கொள்வார்கள். மரமுகத்துக்குள் நபோர் பூரித்துப்போவார்.

மாதக் கடைசியில் கோயில் திடலில் முகம் கழற்றும் சடங்கு. ஒவ்வொருவராக முகமூடியை எடுக்க வேண்டும். ஊர் திகைக்க வேண்டும். "ஐயையோ, நம்ம நபோரா! நான் யாரோ வெளியூர்ப் பொண்ணுன்னுல்ல நெனச்சேன்!" என்று வருடா வருடம் அதே ஆட்கள், அதே வாக்கியத்தை, அதே இடத்தில் மூச்சு வாங்கிச் சொல்வார்கள். மனுஷன் அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் தூங்கமாட்டார்.

இந்த வருடம் அவருக்கு ஒரு பெரிய காரியம் இருந்தது. எலோதியா. கணவன் செத்து ஐந்து வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் நீளத்துக்கு வாழையிலையில் சுற்றி வேகவைத்த சோளமாவுப் பண்டம் விற்கிறவள். அவள் கறி வாங்க இவர் கடைக்கு வந்து நின்றால் நபோருக்கு வானிலையைத் தவிர வேறு பேச்சு வராது. முகம் கழற்றும் நாளில் அவளிடம் கல்யாணப் பேச்சைக் கேட்டுவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார். ஒத்துக்கொள்வாளா, முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடுவாளா? வேவு பார்க்க மணப்பெண் இருக்கும்போது என்ன கவலை!

அவள் வீட்டு முற்றத்தில் ஆட்டம் முடிந்து, எல்லோரும் கரும்புச் சாராயம் குடித்துக்கொண்டிருந்த நேரம். மணப்பெண் போய் எலோதியா பக்கத்தில் உட்கார்ந்தது. பெஞ்சு முனகியது.

"அக்கா," என்றது கீச்சுக்குரல், "இந்தக் கறிக்கடை நபோர் இருக்காரே, ஆள் எப்படி?"

எலோதியா மரமுகத்தைப் பார்த்தாள். பாவாடைக்குக் கீழே தெரிந்த நாற்பத்து நாலாம் நம்பர் பூட்ஸைப் பார்த்தாள். முகத்தில் ஒரு தசை அசைய வேண்டுமே!

"எதுக்குடி கேக்குற?"

"எங்க ஒண்ணுவிட்ட அக்காவுக்கு மாப்பிள்ளை பாக்குறோம்."

"நல்ல மனுஷன்தான். கை சுத்தம், மனசு சுத்தம். ஆனா அடுத்தவங்க பேசுறப்போ நடுவுல பூந்துருவாரு."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, அவரு வந்து..."

"பாத்தியா, நீயும் பூந்துட்ட. அப்புறம் அந்த மீசை."

"மீசைக்கு என்ன?" என்று கேட்ட குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல் தடித்த ஆண்குரலாக இருந்தது. சாராயக் குவளைகள் அப்படியே நின்றன. பிளாசிதோ அவசரமாக வயலின்காரனை விலாவில் இடித்தார்.

"ஏண்டி, தொண்டை கட்டிக்கிச்சா?"

"பனிதான் அக்கா..." என்று மறுபடி கீச்சிட்டது மணப்பெண். "மீசைக்கு என்னக்கா?"

"பன்னி நெய் நாத்தம், தாங்க முடியல. அதை மட்டும் எடுத்துட்டா நான்கூட யோசிப்பேன். ஆனா எடுக்கமாட்டாரு. போய் உங்க அக்காகிட்டச் சொல்லு."

வெளியே வந்ததும் நபோர் பிளாசிதோவைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"மாட்டிக்கிட்டா மச்சான்! மனசுல இருக்கிறதை அப்படியே கொட்டிட்டா! கொஞ்சம்கூடச் சந்தேகம் வரல!"

"அட, சாமர்த்தியம்யா உனக்கு," என்றார் பிளாசிதோ, வானத்தைப் பார்த்துக்கொண்டே.

முகம் கழற்றும் நாள் காலையில் நபோர் கண்ணாடி முன் நின்றார். முப்பது வருட மீசை. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு, சிரைத்து எறிந்தார். உடனே மரமுகத்தை மாட்டிக்கொண்டு திடலுக்கு வந்தார். அவர் முறை வந்தது. ஊரே மூச்சை இழுத்துத் தயாராக வைத்திருந்தது. முகமூடி கழன்றது.

ஒரு சத்தமும் இல்லை.

அங்கே ஒரு அந்நியன் நின்றான். உருண்டை முகம், மேலுதட்டில் வெயிலே படாத வெள்ளை, அதற்குக் கீழே ஒரு சின்ன, பயந்த வாய். இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் ஊர் விழித்தது. "யாரும்மா இவரு?" என்று ஒரு குழந்தை கேட்டது. "வெளியூர் ஆளைச் சேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கோம்ல?" என்றார் ஒரு பெரியவர், பிளாசிதோவை முறைத்து. பிளாசிதோவுக்கே ஒரு கணம் சந்தேகம்.

ஊரை நிஜமாகவே ஏமாற்றியது நபோரின் வாழ்க்கையிலேயே அந்த ஒரு நிமிஷம்தான். பாவம், அவருக்கு அது தெரியவில்லை! கை தட்டவில்லையே, கத்தவில்லையே, ஆட்டம் இந்த வருடம் சரியில்லையோ என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்யாணப் பேச்சு எங்கே, தப்பித்து வீட்டுக்குப் போனால் போதும் என்று பாவாடையைத் தூக்கிப் பிடித்தார்.

"ஐயையோ!" என்று ஒரு குரல் திடலைக் கிழித்தது. எலோதியா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நம்ம நபோரா! கடவுளே, அந்தப் பொண்ணு நீங்களா? யாருன்னே தெரியாம வாய்க்கு வந்ததையெல்லாம் ஒளறிட்டேனே!"

ஊருக்கு உயிர் வந்தது. இழுத்து வைத்திருந்த மூச்செல்லாம் ஒரே கூச்சலாக வெளியே வந்தது.

"பரவால்ல எலோதியா," என்றார் நபோர், பெருந்தன்மையோடு. "நான் எதையும் காதுல வாங்கிக்கல."

"ஏன் மீசையை எடுத்துட்டீங்க?"

"தானா தோணிச்சு."

எலோதியா அந்த வெள்ளை மேலுதட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதில் நடிப்பு இல்லை.

"நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. இதே முகத்தோட வாங்க."

ஜனவரி மாதம் கல்யாணம். இன்றைக்கும் நபோர், தன் மனைவி ஏமாந்த கதையை அவள் எதிரிலேயே எல்லோருக்கும் சொல்கிறார். அவளும் ஒவ்வொரு முறையும் வெட்கப்பட்டுத் தலை குனிகிறாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் அலுவலகத்துக்குப் போன் போட்டு இருமிக் காட்டினீர்களே, "ஐயோ பாவம், உடம்பைப் பாத்துக்கோங்க" என்று பதில் வந்ததே, தலைக்குச் சாயம் பூசிய மறுநாள் "என்ன சார், பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க!" என்று எதிர்வீட்டுக்காரர் வாய் பிளந்தாரே, கோபமே இல்லை என்று நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னபோது வீட்டில் எல்லோரும் நம்பினார்களே... அவர்களெல்லாம் எவ்வளவு நன்றாகத் திகைக்கிறார்கள் என்று கவனித்தீர்களா?