எல்லாரும் ஏன் பதறாதே என்கிறீர்கள்?

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நலம் என்றுதான் எல்லாரும் என்னிடம் சொல்கிறார்கள். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் உண்மையாகவே நலமாக இருக்க வேண்டும். வானொலியில் பாட்டுப் போடும் வேலை உனக்கு இன்னும் இருக்கிறது என்பதைக் காலையில் ரேடியோவைத் திருகியதும் தெரிந்துகொள்கிறேன். அந்த வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மழுப்பாமல் பதில் எழுது.

இந்த வருஷம் 'பதறாதே' என்று ஒரு படம் வந்தது. சரி, வரட்டும். பின்னாலேயே 'கொஞ்சம் பதறாதே' வந்தது. இரண்டிலும் கதாநாயகன் கோபக்காரன், கடைசியில் மலை உச்சியில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விடுகிறான். இப்போது நீ தினமும் போடுகிறாயே, 'பதறினால் போச்சு' என்று ஒரு பாட்டு, அது எந்தப் படம் என்றே பிடிபடவில்லை. எல்லாவற்றுக்கும் மெட்டு ஒன்றுதான். உன் அக்கா ஒரு பாட்டில் ஆரம்பித்து இன்னொன்றில் முடிக்கிறாள். படக்காரர்கள் எல்லாரும் சேர்ந்தாற்போல் எதற்காக என்னைச் சமாதானப்படுத்துகிறார்கள்? நான் பாய்லர் அறையில் தலை நரைத்தவன். அழுத்தம் காட்டும் முள் அசையாமல் நின்றால் நாங்கள் நிம்மதியாக இருக்க மாட்டோம். கண்ணாடியை ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம். வீடு இப்போது அந்த முள் மாதிரிதான் நிற்கிறது.

தட்டிப் பார்த்தேன். போன வருஷம் நெஞ்சுவலி வந்ததிலிருந்து நான் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் அல்லவா, வண்டி கொட்டகையில் சும்மா நிற்கிறது. சும்மா நிற்கிற வண்டியில் டிரைவர் சீட் எப்படி முன்னால் நகரும்? முதுகுக்குத் தலையணை வேறு. கேட்டால் உன் அக்கா, "பூனை ஏதாச்சும் ஏறியிருக்கும், நீங்க பதறாதீங்க" என்கிறாள். சீட்டை நகர்த்தித் தலையணை வைத்துக்கொள்ளும் பூனையை நான் பார்த்ததில்லை. கதவில் நீளமாக ஒரு கீறல். மாலையில் நடந்துவிட்டுத் திரும்பினால் பானெட் சுடுகிறது. சூட்டைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நடையைச் சுருக்கிக்கொண்டு சீக்கிரம் வரலாமென்றால், "முழுசா நடந்துட்டு வாங்க, டாக்டர் சொன்னாருல்ல" என்று வாசல்வரை வந்து அனுப்பி வைக்கிறாள். இத்தனை வருஷத்தில் வாசலுக்கு வராதவள்.

எனக்குப் புரிந்துவிட்டது. என் மருத்துவ அறிக்கையில் ஏதோ இருக்கிறது, மறைக்கிறீர்கள். நான் போன பிறகு வண்டி எதற்கென்று அவள் யாரிடமோ ஓட்டிப் பார்க்கக் கொடுத்து விலை பேசுகிறாள். நீ பாட்டுப் போட்டு என்னைப் பக்குவப்படுத்துகிறாய். சாவுக்கு நான் பயப்படுகிறவன் இல்லை என்று எழுத நினைத்தேன். பயமாகத்தான் இருக்கிறது, மச்சான். அதைவிட, அவள் என்னிடம் சொல்லாமல் வைத்திருப்பதுதான் தாங்கவில்லை. உண்மையைச் சொல். பாட்டையும் நிறுத்து.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன்மேல் கோபம்தான், ஆனாலும் வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
எந்தப் பாட்டுக்கும் மசியாத உன் மாமா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இதைத் தபாலில் போடப் போனபோது தெருமுனையில் நம் வண்டி எதிரே வந்தது. ஓட்டியது உன் அக்கா. பக்கத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டு எதிர்வீட்டுத் தையல்காரி. உள்ளே உன் பாட்டு அலறுகிறது. என்னைக் கண்டதும் பிரேக்குக்குப் பதில் ஹாரனை அழுத்தினாள். எப்படியோ நின்றது. "அன்னைக்கு உங்களுக்கு வலி வந்தப்போ சாவி என் கையிலதான் இருந்துச்சு. ஓட்டத் தெரியாம தெருவுல நின்னு வர்ற வண்டியெல்லாம் கை காட்டிட்டிருந்தேன். இனிமே அப்படி நிக்க மாட்டேன்" என்றாள். அந்தப் பாட்டுகளைப் போடச் சொன்னதும் அவள்தானாம், தன் கை நடுங்காமல் இருக்க. தையல்காரியை இறக்கிவிட்டு நானே பக்கத்தில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன். வாசல் தூண் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அடுத்த வாரம் அவளுக்கு லைசென்ஸ் தேர்வு. பாட்டை நிறுத்திவிடாதே. மாலையில் இன்னும் இரண்டு சேர்த்துப் போடு. இனி பக்கத்து சீட்டில் நான் அல்லவா உட்கார வேண்டும்.