ஞானம்மாவின் முன்னொட்டு

“அப்பா, பேருக்கு முன்னாடி மனுஷன்னு போடலன்னா மாடுன்னு நெனச்சிக்குவாங்களா?” என்று, எங்கள் கம்பெனியின் புது விதியைக் கேட்டுவிட்டு, என் மகள் ஜெர்சி ஒருநாள் கேட்டாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. விஞ்ஞான முன்னேற்றத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்!

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கி, சக்கரத்தில் வளர்ந்து, 1991-இல் ஒரகடம் சாலையில் எங்கள் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் நிறைவு பெற்றது. நிறைவு செய்தவர் மேலாளர் கோதண்டராமன். பம்பாயில் பயிற்சி முடித்துத் திரும்பியவர், செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஏ.சி. சந்நிதிக்குள் நுழைந்து, அங்கே புரோகிராம் எழுதும் எனக்கு அருளினார்:

“தாமஸ், இனிமே புரோகிராம்ல தகவலுக்கு நாம வைக்கிற எந்தப் பேரும் மொட்டையா நிக்கக் கூடாது. அது எண்ணா, எழுத்தான்னு பேருக்கு முன்னாடியே ஒட்டிடணும். பேரைப் பார்த்ததுமே வகை தெரியணும். உள்ளே பார்க்கிற வேலையே இருக்கக் கூடாது!”

பேரைப் பார்த்ததும் வகை பிரிக்கும் கலையில் நம் நாடு ஏற்கெனவே கைதேர்ந்தது. ஆகவே எனக்கு உடனே விளங்கிற்று.

விதி ஊழியர்களுக்கும் நீண்டது. நிரந்தர ஊழியரின் பேருக்கு முன்னால் ‘பெர்ம்’. தற்காலிக ஊழியருக்கு ‘டெம்ப்’. ‘பெர்ம்’ இருந்தால் கம்பெனி பஸ். ‘டெம்ப்’ என்றால் டவுன் பஸ், அதுவும் வந்தால்.

அந்தக் கோடையில், லைனில் வேலை செய்யும் மணிமங்கலத்து ஞானம்மா நிரந்தரமானார். ஒரு வாரம் கழித்து ‘சந்நிதி’ வாசலில் வந்து நின்றார்.

“சார், ஆர்டர்ல பெர்மனன்ட்டுன்னு போட்டுக்கீது. பஸ்ல மட்டும் ஏத்த மாட்டேன்றாங்க. டெய்லி லேட்டாவுது. இன்னொரு தபா லேட்டானா ஆர்டரே கேன்சலாம், சூப்பர்வைசர் சொல்லிட்டாரு.”

கோதண்டராமன் கருணையோடு விளக்கினார். “கம்ப்யூட்டருக்குள்ள நீங்க பெர்மனன்ட்தாம்மா. பேருல மட்டும் டெம்ப். பஸ் லிஸ்ட் போடுற புரோகிராம் பேரைத்தான் பார்க்கும்.”

“உள்ள பாக்காதா?”

“பார்க்க வேணாம்னுதானே முன்னொட்டே வெச்சிருக்கோம்!”

“அப்ப பேர மாத்திடுங்களேன், சார்.”

“அந்தப் பேர் எல்லாப் புரோகிராம்லயும் கெடக்கு. ஒண்ணுல மாத்தினா மத்தது உங்களைத் தெரியாதுன்னுடும்.”

“இன்னா சார் இது! அப்ப நான் யாரு?”

அவர் ஆழ்ந்து யோசித்தார். “தற்காலிகப் பேர் கொண்ட நிரந்தரம்.”

ஞானம்மா கும்பிட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கையில் மடக்கிய கறுப்புக் குடை. அந்தக் குடையை எனக்குத் தெரியும். போன ஐப்பசி மழையில், எனக்குச் சோறு கொண்டுவந்து கேட்டில் நின்ற ஜெர்சியின் கையில் அதைத் திணித்துவிட்டு, தலையில் முந்தானையோடு நனைந்துகொண்டே லைனுக்கு ஓடியவர் அவர். அது யார் பிள்ளை என்று கூடக் கேட்கவில்லை. எந்த முன்னொட்டையும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், வீட்டுக்குப் போகாமல் தொழிற்சாலைக்குப் போனேன். ஏ.சி. ஓடவில்லை. ஒவ்வொரு புரோகிராமாகத் திறந்து, ஞானம்மாவைத் தேடித் தேடி மாற்றினேன். வியர்வை விசைப்பலகையில் சொட்டியது. பார்க்க யாருமில்லை, கர்த்தரைத் தவிர. அவர் எப்போதும் உள்ளே பார்க்கிறவர்.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸிலிருந்து ஞானம்மா இறங்கினார். “கம்ப்யூட்டருக்கு இன்னா நல்ல மனசு, சார்!” என்றார். “ஆமாம்மா,” என்றேன்.

“பார்த்தீரா தாமஸ்? நம்ம முறை தன்னைத்தானே திருத்திக்கும்!” என்றார் கோதண்டராமன். நிர்வாகமும் அதை நம்பி, அவர் பதவிக்கு முன்னால் ‘தலைமை’ என்று ஒட்டியது.

உள்ளே எதுவும் மாறவில்லை.