அப்ளிகேஷன் அண்ணன் சுற்றிய கிரிவலம்

கைக்கு வந்த அரசாங்க வேலையைக் காலால் உதைத்த மனிதர் எங்கள் ஜில்லாவிலேயே ஒருவர்தான். பி.ஏ. முடித்த கையோடு கருவூலத்தில் குமாஸ்தாவாகச் சேரச் சொல்லி ஆர்டர் வந்தது. வீட்டில் கேசரி கிண்டி, தெரு முழுக்கக் கொடுத்து முடித்த பிறகு, "நான் போகல" என்றாராம். கேசரி தின்றவர்களுக்கே புரையேறியது என்றால், பெற்றவர் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் படித்த கல்லூரியிலேயே, ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்துவிடும் தற்காலிக வேலை ஒன்று கிடைத்திருந்தது. "அங்க உக்காந்தா ஃபைலுதான் நகரும். இங்க ஒரு புள்ள நகருதுப்பா" என்று சொன்ன மகனோடு அவர் அப்பா ஆறு மாதம் பேசவில்லை.

சைக்கிள் கேரியரில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் ஃபாரங்கள், கோந்து பாட்டில், கைநாட்டு வைப்பவர்களுக்காக ஒரு மை பேட். திருவண்ணாமலை சுற்றுவட்டாரத்தில் அவருக்கு அப்ளிகேஷன் அண்ணன் என்றே பெயர். ஒரு காதுகுத்தில் மாமன் மடியில் குழந்தை அலறிக்கொண்டிருக்க, அந்த மாமனுடைய மூத்த பையனுக்கு ஃபாரம் நிரப்பிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். இதெல்லாம் சும்மா. என் விஷயத்தில் அவர் செய்ததுதான் பெரிய கூத்து.

எண்பதுகளின் தொடக்கம். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்கள் ஊர். நான் பிளஸ் டூ பாஸ் செய்திருந்தேன். அப்பாவோ ஆவணியில் எனக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார். கல்லூரிக்கு விண்ணப்பிக்க மறுவாரம் கடைசி நாள். மார்க் ஷீட் வாங்கப் பள்ளிக்கூடம் போன இடத்தில் அண்ணனிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"எங்கப்பா கையெழுத்து போட மாட்டாருண்ணே."

"திருவண்ணாமலைக்கு எப்ப வருவாரு?"

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருவாரு. பச்சைத் துண்டு, பெரிய மீசை."

"அது போதும்மா. நான் பாத்துக்கறேன்."

மலையைச் சுற்ற ஆரம்பித்தவர் யாரும் பாதியில் திரும்புவதில்லை. அண்ணனின் தொழில் ரகசியமே அதுதான். வீட்டில் பேசினால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்கள், பஸ்ஸில் பேசினால் இறங்கிவிடுவார்கள். கிரிவலத்தில் பதினாலு கிலோமீட்டருக்கு ஆள் தப்ப முடியாது.

கடைசி நாளுக்கு முன்பே வந்த பௌர்ணமியன்று அப்பாவோடு மாப்பிள்ளையின் அப்பாவும் வந்திருந்தார். அவருக்கும் பெரிய மீசை. பகலிலேயே சுற்றக் கிளம்பியதால் வெயில் ஜாஸ்தி என்று, சம்பந்தியாகப் போகிறவர் தலையில் அப்பா தன் பச்சைத் துண்டைப் போட்டார். கோபுரத்தடியில் வேர்க்கடலை வாங்கும் ஒரு மல்லாட்டை வியாபாரியிடம் அப்பா பேச நிற்க, பச்சைத் துண்டு மட்டும் முன்னால் நடந்தது. அண்ணன் போய் ஒட்டிக்கொண்டார்.

அக்னி லிங்கம் வருவதற்குள் என் மார்க்கெல்லாம் ஒப்பித்தாயிற்று. அவர் வாயே திறக்கவில்லை. எம லிங்கத்தில் அண்ணனுக்குச் சூடு ஏறிவிட்டது.

"கல்யாணம் எங்கங்க ஓடிப்போவுது? அந்த மாப்பிள்ள வீட்டுக்காரங்க மூணு வருஷம் பொறுக்க மாட்டாங்களா? பொறுக்கலனா அவங்க இன்னா மனுஷங்க?"

அடி அண்ணாமலையில், "அந்த மாப்பிள்ளையோட அப்பனை ஒருநாள் என் எதிர்ல கொண்டாந்து நிறுத்துங்க. நானே கேக்கறேன்!" என்றாராம். அப்போதும் அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். "இவ்ளோ பொறுமையா கேட்ட தகப்பனை நான் பாத்ததே இல்லம்மா" என்று அண்ணன் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

சுற்றி முடித்து, கோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்ட பிறகுதான் அந்த வாய் திறந்தது.

"தம்பி, சுத்தி முடிக்கிற வரைக்கும் பேசறதில்லனு எனக்கு வேண்டுதல். இப்ப பேசலாம். பொண்ணோட அப்பா பின்னால வர்றாரு. நான் மாப்பிள்ளையோட அப்பன்."

டப்பா கீழே விழுந்து, கோந்து பாட்டில் உடைந்து, ரோடெல்லாம் ஃபாரமாம்.

அன்று சாயங்காலம் இரண்டு மீசைகளும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றன. விஷயம் தெரிந்ததும், படிப்பும் போச்சு, கல்யாணமும் போச்சு, அப்பா மானமும் போச்சு என்று அடுப்படியில் ஒளிந்துகொண்டேன்.

"சம்பந்தி, அந்தப் பையன் மலையச் சுத்திச் சுத்தி என்னைத் திட்டினான்" என்று கூடத்தில் அவர் குரல் கேட்டது. "ஒரு வார்த்தைக்காவது பதில் சொல்லணும்னு நடந்துகினே யோசிச்சேன். ஒண்ணும் கிடைக்கல. நாங்க மூணு வருஷம் பொறுக்கறோம். பொண்ணு படிக்கட்டும், கையெழுத்தப் போடுங்க."

சொல்லிவிட்டு மடியிலிருந்து ஃபாரத்தை எடுத்தார். ஒன்றல்ல, கோந்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு. "எங்க வீட்லயும் ஒருத்தி பாஸ் பண்ணிட்டு சும்மாதான் இருக்கா" என்றார். அப்பா அதிர்ச்சியில் தன் பெயரிலேயே ஓர் எழுத்தை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நானும், நாத்தனாராகப் போகிறவளும் மூன்று வருடம் ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போனோம்.

நான் வேலையில் சேர்ந்து பல வருடம் கழித்துத் தேரடித் தெருவில் அண்ணனைப் பார்த்தேன். அதே சைக்கிள், அதே தற்காலிக வேலை.

"அந்த வேலைக்குப் போயிருந்தா இந்நேரம் ஆபீசர் ஆயிருப்பீங்களேண்ணே?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அதிர்ந்துபோனதைக் கண்ணால் பார்த்தேன். "ஐயையோ! அப்புறம் உன்ன யாரும்மா சேர்த்திருப்பா?" என்றார்.

கல்லூரிக்குப் போட்ட அந்த ஃபாரத்தில், கார்டியன் பெயரை எழுத 'காப்பாளர்' என்று ஒரு கோடு இருந்தது. அப்பா இருக்கிறாரே என்று காலியாக விட்டேன். இன்றைக்குக் கொடுத்தால் அண்ணன் பெயரை எழுதுவேன். அவருடைய நிஜப் பெயர் என்னவென்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை என்பதுதான், எழுத உட்கார்ந்த இந்த நிமிஷம் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது.