கிராட்டிஸ் அண்ணையும் ஊதாக் கோடு போட்ட உடுப்பும்

சுவிஸின் பீல் நகரத்தில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போய் எந்தக் கதிரையில் இருந்தாலும், அது கிராட்டிஸ் அண்ணை தோளில் தூக்கி வந்த கதிரையாகத்தான் இருக்கும். நம்பாதவர்கள் எழும்பி, கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு ஆணி மட்டும் மற்ற ஆணிகளோடு ஒட்டாமல் தனியாக முழித்துக்கொண்டு நிற்கும். அது அண்ணை அடித்த ஆணி.

சுவிஸ்காரருக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. வேண்டாத சாமானை வாசலில் வைத்து, 'கிராட்டிஸ்' என்று ஒரு துண்டு ஒட்டிவிடுவார்கள். இலவசம், விரும்பியவர் தூக்கலாம். நாங்களும் தூக்குவோம்தான். ஆனால் தெருவில் தமிழாக்கள் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்து, போனில் கதைப்பதுபோல நடித்து, பிறகு தூக்குவோம். அண்ணை பட்டப்பகலில் போய், அந்த வீட்டு மணியை அடித்து, "மெர்சி" என்று நன்றி சொல்லி, "இதுக்கு ஒரு ஸ்குரூ குறையுது, உள்ளுக்கை கிடக்கோ?" என்று தன்னுடைய ஜெர்மனில் கேட்பார். அவர்களும் மேசை லாச்சியெல்லாம் கிளறித் தேடிக் கொடுப்பார்கள்.

எடுத்ததில் ஒன்றைக்கூட அவர் தன் வீட்டில் வைத்துக்கொண்டதில்லை. புதிதாக வந்து குடியேறிய குடும்பம், புதிதாகக் கலியாணம் கட்டிய பெடியன், பழைய கட்டிலில் முதுகு பிடித்த மனிசி என்று யாருக்காவது போய்ச் சேரும். ஒருமுறை இரட்டை மெத்தையோடு பஸ்ஸில் ஏறிவிட்டார். சாரதி முதலில் ஜெர்மனிலும் பிறகு பிரெஞ்சிலும் கத்தினார். எங்கள் ஊர் இரண்டு மொழி ஊர், பேச்சு வாங்குவதென்றாலும் இரண்டு தரம் வாங்கவேண்டும். அண்ணை அமைதியாக இரண்டு டிக்கெட்டை நீட்டினார். ஒன்று தனக்கு, மற்றது மெத்தைக்கு. மெத்தைக்கு டிக்கெட் இருந்தால் என்ன செய்வது என்று அந்த மனிசனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சுவிஸ்காரர் ஒருவர் சட்டம் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் பார்க்கப் பாவமாக இருக்கும். மெத்தையையும் ஏற்றிக்கொண்டு சாரதி பஸ்ஸை எடுத்துவிட்டார்.

நாங்கள் இருவரும் ஒரே மணிக்கூட்டுத் தொழிற்சாலை. அவர் பொலிஷ் போடுகிற பிரிவு, நான் பெட்டிக்குள் அடுக்குகிற பிரிவு. அந்தச் சிநேகத்தின் பலனாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தவை: பாற்கட்டி உருக்குகிற ஃபொண்டுச் சட்டி ஒன்று, ஒரு கால் கட்டையான இஸ்திரிப் பலகை, கண்ணாடிக் கண் வைத்த மான் தலை ஒன்று. சட்டியில் சொதி கொதிக்கிறது. மான் தலையை என் மனைவி நிலவறைக்குள் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறாள்.

"இஞ்சருங்கோ, இனி அந்த மனுசன் மணி அடிச்சால் நான் குளிக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

"நான்?"

"நீங்களும் குளிக்கிறியள்."

இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வருவதற்கு முன்பே அண்ணை மணி அடித்துவிட்டார். கையில் இரண்டு கறுப்பு ரப்பர் உடுப்பு, கால் துடுப்பு, கண்ணாடி. ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் கிடந்ததாம்.

"சுழியோடுற உடுப்பு தம்பி! புத்தம் புதுசு. புருசனும் பெண்சாதியும் வாங்கினவை, இப்ப பிரிஞ்சிட்டினமாம். மணி அடிச்சுக் கேட்டனான். பாவம், அந்த மனுசன் அழுதிட்டார்."

"சரி அண்ணை, இதை யாருக்குக் குடுக்கப் போறியள்?"

அவர் பெரிய உடுப்பைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். அளவு. மற்றதை என் நெஞ்சில் வைத்தார். இரண்டு பக்கமும் ஊதாக் கோடு போட்ட பெண்பிள்ளை உடுப்பு. அதுவும் அளவு. என் மனைவி குசினி வாசலில் நின்று சிரித்த சிரிப்பில், மேல் வீட்டு ஆட்கள் நிலத்தில் தட்டினார்கள்.

அண்ணை ஆசைப்பட்டு ஒரு பொருளைத் தனக்கென்று எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த முகத்துக்கு முன்னால் 'மாட்டன்' என்ற சொல் எனக்கு வரவில்லை. தண்ணிக்குள் சோடியில்லாமல் யாரும் இறங்கக்கூடாதாம், அது சுழியோடிகளின் சட்டம். பீல் முழுக்கத் தேடினாலும் அந்த ஊதாக் கோட்டுக்குள் போகக்கூடிய உடம்பு என்னிடம் மட்டும்தான் இருந்தது.

சுழியோடிச் சங்கம் ஒன்றில் சேர்ந்தோம். முதலில் நீச்சல் தடாகத்தில் பயிற்சி. என் பக்கத்தால் ஐந்து வயதுச் சுவிஸ் பிள்ளைகள் மீன் குஞ்சுகள்போலப் போய் வந்துகொண்டிருக்க, நான் கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைத் தாழ்க்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஒரு பிள்ளை எனக்குத் தன் மிதவையைத் தந்துவிட்டுப் போனது. பிறகு ஏரி. அந்தக் குளிருக்குள் இறங்கியதும் என் பல்லுகள் அடித்த சத்தத்தை எங்கள் வாத்தியார் ஏதோ சமிக்ஞை என்று நினைத்து ஓடி வந்தார். எப்படியோ இருவரும் சான்றிதழ் எடுத்தோம். எனக்குத் தந்தது இரக்கத்தில் என்பது என் கணிப்பு.

அந்தச் சங்கத்துச் சுவரில்தான் அண்ணை அந்த விளம்பரத்தைப் பார்த்தார். கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே பவளப்பாறை செத்துக்கொண்டிருக்கிறது. தொண்டர்கள் போய், உடைந்த பவளத் துண்டுகளைக் கடலுக்குள் கட்டி வளர்க்கிறார்கள். செலவு தொண்டர்களுடையது.

"காசு குடுத்து, லீவும் எடுத்து, வேலைக்குப் போறதோ?" என்றாள் என் மனைவி. "இஞ்சை வீட்டு ஜன்னல் துடைக்க ஆளில்லை."

கோடையில் தொழிற்சாலை பூட்டும்போது தமிழாக்கள் கனடா போவார்கள், லண்டன் போவார்கள், கோயில் திருவிழாவுக்கு ஊர் போவார்கள். நாங்கள் பவளத்துக்குச் சிரமதானம் செய்யப் போனோம். விமானத்தில் அண்ணை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் மற்றவை வாசலிலை வைச்சதைத்தான் எடுத்தனான். முதல் படுத்த மெத்தையும் தெருவிலை கிடந்ததுதான். ஒருக்காலெண்டாலும் நான் ஏதாவது ஒண்டை வைச்சிட்டு வரவேணும். ஒரே ஒரு துண்டு போதும். என்ரை கையாலை."

பகிடி ஒன்று சொல்ல வாயைத் திறந்த நான், விமானத்தில் தந்த பாணில் பாதியை அவருடைய தட்டில் வைத்தேன்.

தீவின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே என்னை இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். எல்லோரும் மெல்லிய உடுப்பில் நிற்க, நாங்கள் பீல் ஏரிக் குளிருக்குச் செய்த தடித்த ரப்பருக்குள் வெந்துகொண்டு நின்றோம். அந்த ரப்பர் எங்களைத் தாழவும் விடவில்லை. இடுப்பில் ஈயக்கட்டி கட்டினார்கள். இன்னும் கட்டினார்கள். கடைசியில் நான் நடந்தால் மரப்பாலம் முனகியது. பொறுப்பாளர் டெல்ஃபினா என்ற தீவுப் பெண், என் ஊதாக் கோட்டை மேலிருந்து கீழே பார்த்து, "நல்ல நிறம்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

முதல் நாள் சோதனை. ஒரு மாடி ஆழத்தில் மணலில் முழந்தாளிட்டு இருக்கவேண்டும், அவ்வளவுதான். இருந்தேன். மூச்சும் நன்றாகத்தான் வந்தது. அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து தொங்கிய வாயோடு ஒரு பெரிய மீன் வந்து, என் முகத்துக்கு நேரே நின்றது. என் சுவிஸ் வதிவிடப் பெர்மிட் முடிந்துவிட்டது என்று அதற்குத் தெரியும்போல ஒரு பார்வை. திடீரென்று என் தலைக்கு மேலே எவ்வளவு தண்ணி இருக்கிறது என்ற எண்ணம் வந்தது. வரக்கூடாத எண்ணம். காற்று போதாது என்று பட்டது. அவசரத்துக்கென்று ஒவ்வொருவருக்கும் மேலதிகமாக ஒரு வாய்க்குழாய் பக்கத்தில் தொங்கும். சோடியிடம் அதை எடுக்கவேண்டும் என்று படிப்பித்திருந்தார்கள். நான் அண்ணையின் வாயில் இருந்ததையே பிடுங்கினேன். என் வாயில் என்னுடைய குழாய் இருக்க, இரண்டாவதாக அதையும் திணிக்கப் பார்த்தேன்.

நான் மேலே பாய, அண்ணையும் பின்னால் வந்தார். டெல்ஃபினாவும் மேலே வந்து கேட்டாள், "என்ன நடந்தது? யார் பயந்தது?" மணல் கிளம்பிக் கலங்கியதில் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

அண்ணை நெஞ்சில் தட்டினார். "மீ! மீ பனிக். ஹீ குட் மேன். ஹீ ஹெல்ப்."

டெல்ஃபினா எழுத்துப் பிசகாமல் சட்டத்தைச் சொன்னாள். பயந்தவருக்குக் கரை வேலை, பவளம் கட்டுகிற கயிறுகளைத் தொட்டியில் போட்டுப் பாசி சுரண்டுவது. உதவிய நல்ல மனிசனுக்கு, அதாவது எனக்கு, நாளை காலை புதுச் சோடியோடு ஆழக் கடல். புதுச் சோடி ஒரு ஆறடி டச்சுப் பெடியன். என்னோடு கை குலுக்கிவிட்டு, "நீங்கள் இருப்பது எனக்குத் தைரியம்" என்றான்.

நான் அண்ணையை இழுத்துக்கொண்டு தென்னைக்குப் பின்னால் போனேன்.

"என்ன வேலை அண்ணை பார்த்து வைச்சிருக்கிறியள்?"

"உன்ரை மானத்தைக் காப்பாத்தினனான்."

"மானம் போனால் போகட்டும், நாளைக்கு உயிரெல்லோ போகப்போகுது!"

"அட, அதை நான் யோசிக்கேல்லை," என்றார். "நீ யோசிக்காதை. நான் கரையிலை நிண்டு பார்த்துக்கொண்டிருப்பன்."

"கரையிலை நிண்டு என்னத்தைப் பார்க்கிறது? குமிழியையோ?"

அவர் சிரித்துக்கொண்டே போய்த் தொட்டிக்கு முன்னால் குந்திக் கயிறு சுரண்டத் தொடங்கினார். ஒரு முணுமுணுப்பும் இல்லை. படகு ஒன்று பவளத் துண்டுகள் நிறைந்த கூடையோடு புறப்பட்டபோது மட்டும் கை நின்றது. படகு வளைவு தாண்டிப் போகும்வரை பார்த்தார். பிறகு மற்றக் கயிற்றை எடுத்தார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. என் உயிரையும் அவருடைய ஒரு துண்டுப் பவளத்தையும் ஒன்றாகக் காப்பாற்ற ஒரு வழிதான் இருந்தது. ஓடிப்போய் டெல்ஃபினாவிடம் உண்மையைச் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் அண்ணை கயிற்றோடு வந்துவிட்டார்.

"மிஸ், ஹீ லை! மீ பனிக்!"

"அண்ணை, சும்மா இருங்கோ! பயந்தது நான்!"

"நீ எங்கை பயந்தனி? நான்தான் பயந்தது!"

"என்ரை பயத்தை ஏன் அண்ணை நீங்கள் எடுக்கிறியள்? ஊதா உடுப்புக்குள்ளை நிண்டு நடுங்கினது நான்!"

அந்தக் கரையில் தமிழ் முதல் தடவையாக அன்றுதான் அந்தச் சத்தத்தில் ஒலித்திருக்கும். டச்சுப் பெடியன் நாளைக்கென்று மாட்டிப் பார்த்த கால் துடுப்பை மெதுவாகக் கழற்றினான். டெல்ஃபினா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இதற்கு முன் எல்லோரும் 'நானில்லை' என்று சண்டை பிடித்துத்தான் கண்டிருக்கிறாளாம். "இரண்டு பேரும் நாளை இடுப்பளவு தண்ணிக்கு வாருங்கள். முதலிலிருந்து தொடங்குவோம்," என்றாள்.

தொடங்கினோம். மற்றவர்கள் ஆழக்கடலில் தோட்டம் செய்ய, நாங்கள் பிள்ளைகள் குளிக்கிற இடத்தில் முழந்தாளிட்டு மூச்சுவிடப் பழகினோம். திரும்பும் நாள் நெருங்க நெருங்க அண்ணை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடைசி நாளுக்கு முதல் நாள் டெல்ஃபினா எங்களைப் படகில் ஏற்றினாள்.

கீழே, கூரைமேல் நிற்கிற பழைய ரீவி அன்ரனா மாதிரிக் குழாய்ச் சட்டங்கள் நின்றன. ஒவ்வொரு கிளையிலும் விரலளவு பவளத் துண்டுகள் நூலில் தொங்கின. நான் அண்ணையின் இடுப்புப் பட்டியை, சன நெருக்கமான பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். டெல்ஃபினா ஒரு துண்டை அவர் கையில் கொடுத்திருக்கவேண்டும். ஏனென்றால் பட்டி அசையாமல் நின்றது. வெகுநேரம் நின்றது. திறந்து பார்த்தேன். அவர் முடிச்சுப் போட்டு முடித்திருந்தார். அந்தச் சின்னத் துண்டு தண்ணி அசைவில் மெல்ல ஆடியது. அண்ணை இரண்டு கையையும் எடுத்துவிட்டு, அது நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய கண்ணாடிக்குள் பாதிக்குத் தண்ணி. கடல் தண்ணியா வேறு தண்ணியா என்று எனக்குத் தெரியாது. ஐயோ, இவர் மூழ்கப் போகிறார் என்று நான் அவருக்காகவும் சேர்த்துப் பதறினேன். பட்டியை விட்டு அவர் கையைப் பிடித்தேன். அவர் மூக்கால் ஊதித் தண்ணியை வெளியேற்றிவிட்டு, என் கையை இறுக்கினார்.

மேலே வந்ததும் அண்ணையின் முதல் கதை இதுதான்.

"தம்பி, ஒண்டு சொல்லட்டோ? அண்டைக்கு நான் அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லேல்லை."

"என்ன?"

"நீ என்ரை குழாயைப் பிடுங்க முதலே எனக்குக் கை கால் எல்லாம் விறைச்சுப் போச்சு. அந்த மீன் வந்ததெல்லோ. நீ மேலை போகாட்டி நான் போயிருப்பன். இண்டைக்கும் பயம்தான். நீ பட்டியிலை தொங்கினபடியால்தான் முடிச்சுப் போட்டனான்."

இதை நான் இன்றைக்கும் முழுதாக நம்பவில்லை. எனக்குக் கூச்சமாக இருக்கக்கூடாது என்று மனிசன் சோடித்த கதையாகவும் இருக்கலாம். பீலில் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் நாங்கள் இன்னும் இதற்குத்தான் சண்டை பிடிக்கிறோம். சனம் அவருடைய பக்கம்தான்.

ஆனால் அன்று படகில் ஏறி, சிலிண்டர் கழற்றி, டெல்ஃபினா தந்த தேத்தண்ணியை ஆளுக்கு ஒற்றைக் கையால் குடித்து முடிக்கும்வரை அவர் என் மற்றக் கையை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.