பிரிட்டில் கிரீக்கின் கடைசி முத்திரை

கார்டில் தபால் முத்திரை வட்டமாக, சுத்தமாக, ஒரு எழுத்துக்கூடக் கசியாமல் விழுந்திருந்தது. ஒரே ஒரு குறை. அக்டோபர் இருக்க வேண்டிய இடத்தில் செப்டம்பர் இருந்தது.

எமில் குபிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் செப்டம்பர்தான்.

"என்னம்மா இது? போன மாசத்தைக் குத்தி வச்சிருக்கீங்க!"

ஜன்னலுக்குள் நின்ற தபால்காரம்மா வில்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயய்யோ! மாசத்தை மாத்த மறந்துட்டேன் அண்ணே."

"அப்போ இத்தனை நாளா எதைத்தான் குத்திட்டு இருந்தீங்க?"

"இந்த ஊர்ல யாரு கடுதாசி போடறா? விற்பனையே இல்லைன்னுதானே மூடுறாங்க" என்று அவள் மூக்கை உறிஞ்சினாள்.

அதற்கு மேல் கோபப்பட எமிலுக்கு மனம் வரவில்லை. பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து நெப்ராஸ்காவின் குக்கிராமத் தபால் நிலையங்களைத் தேடித் தேடிப் போய் முத்திரை சேர்ப்பவர் அவர். அவர் மாவட்டத்தில் இந்த ஊர் ஒன்றுதான் பாக்கி. அதிலும் ஒரு தபால் நிலையம் மூடப்படும் நாளின் முத்திரை என்றால், சேர்ப்பவர்களுக்கு அது தனி வெறி. "சனிக்கிழமையோட சரி அண்ணே" என்று வில்மாவே போன் போட்டுச் சொல்லியிருந்தாள்.

அதே சனிக்கிழமை நாலு மணிக்குத்தான் எமிலின் மகள் ஜோலீனுக்குக் கல்யாணம். தாயில்லாப் பெண். தேவாலயத்தில் கைபிடித்து அழைத்துப்போக அப்பாதான் உண்டு. அதனால் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார். ஒரு குத்து, உடனே கிளம்பினால் ரெண்டு மணி நேரப் பயணம் என்பது அவர் கணக்கு.

வாசலில் "இன்றே கடைசி" என்ற துணிப் பதாகை வெயிலில் வெளுத்துத் தொங்கியது. மேசையில் கசகசா வைத்த கொலாச் ரொட்டி விற்பனைக்கு இருந்தது. எமில் அதில் ஒரு டஜனும், மூடப்போகும் நிலையத்தின் மேல் பரிதாபப்பட்டுத் தபால்தலை நாலு சுருளும் வாங்கியிருந்தார். இப்போது புதுக் கார்டும் வாங்கினார்.

வில்மா இடுக்கியால் செப்டம்பர் அச்சைக் கழற்றினாள். அக்டோபர் அச்சை எடுத்தாள். அது நழுவித் தரைப் பலகை இடுக்கில் விழுந்தது.

"போச்சு!" என்றாள்.

"எங்க போச்சு?"

"கட்டடத்துக்கு அடியில. என்னால குனிய முடியாது அண்ணே. முட்டி செத்துப் போச்சு."

போன் அடித்தது. ஜோலீன்தான்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"பிரிட்டில் கிரீக்ல. இதோ கிளம்பிட்டேன் கண்ணு."

"இன்னைக்குக்கூடவா?"

"ஒரே குத்துதான்மா. இந்தக் கடைசி நாளை விட்டா திரும்ப வராது."

"என் கல்யாணம் மட்டும் திரும்பத் திரும்ப வருமா?"

எமிலின் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "இதுவே ரெண்டாவதுதானே கண்ணு."

"முதல் தடவையும் நீங்க வரலப்பா. அன்னைக்கும் எங்கேயோ ஒரு கடைசி நாள்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

எமிலுக்குச் சுருக்கென்றது. போய்விடலாம் என்று காரை ஒருமுறை பார்த்தார். ஆனால் அச்சு அங்கேதானே கிடக்கிறது, கையை நீட்டினால் எடுத்துவிடலாம் என்று தோன்றியது. கட்டடத்துக்கு அடியில் தவழ்ந்து போனார்.

அச்சு கிடைத்தது. கூடவே ஒரு ஸ்கங்க்கும் கிடைத்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டால்கூடப் பேசிச் சமாளிக்கலாம்; வால் தூக்கி நாற்றம் பீய்ச்சும் அந்தப் பிராணியிடம் என்ன பேசுவது? முழுசாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வில்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தே கத்தினாள். "கிட்ட வராதீங்க! தக்காளிச் சாறு ஊத்தினா நாத்தம் போயிடும்!"

டப்பா டப்பாவாக ஊற்றினாள். நாற்றம் போகவில்லை. சாம்பல் நிறக் கோட்டு மட்டும் சிவப்பாகிவிட்டது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. புல்வெளியில் கோட்டை விரித்துக் காயவைத்துவிட்டு, சட்டையோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரம் மட்டும் நிற்காமல் ஓடியது.

மறுபடி போன். பின்னால் பியானோ கேட்டது.

"அம்மாடி, நான் கிளம்பிடறேன்..."

"வேண்டாம்ப்பா. மாப்பிள்ளையோட அப்பா கையைப் பிடிச்சு நடந்துக்கறேன். நீங்க முத்திரையைப் பிடிச்சுக்கங்க."

எமில் போனைப் பார்த்தபடி நின்றார். அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது.

வில்மா ஜன்னலைத் திறந்தாள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அச்சை மாட்டினாள். மை தொட்டு, ஆட்டாமல் அசைக்காமல் குத்தினாள். அப்பழுக்கில்லாத முத்திரை. அக்டோபர்.

"இதுக்குத்தானே வந்தீங்க, சந்தோஷப்படுங்க அண்ணே" என்றாள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொண்ணு கோவம் ஆறிடும். இந்த ஊருக்குத்தான் இனிமே முத்திரையே இல்லை."

எமில் கார்டை வாங்கி நெஞ்சருகே பிடித்துக்கொண்டார். பெண்ணைக் கொடுத்து வாங்கிய கார்டு. இதாவது உலகத்தில் இனி ஒருத்தருக்கும் கிடைக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அந்த ஆறுதலைத்தான் அவர் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

வெளியே தபால் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் லாய்ட் மூட்டையை எடுக்க உள்ளே வந்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு எமிலை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"என்னக்கா, இந்த மாசத்து 'இன்றே கடைசி'க்கு இவர் ஒருத்தர்தானா? போன மாசத்து 'இன்றே கடைசி'க்கு நாலு கார் நின்னுச்சே!"